அண்ணே, படத்துல விழுந்த அந்தச் சிவப்புக் கோடு, அத அழிச்சது நான்தான்

அண்ணே,

இன்னையோட மூணு வருஷம். எதுலேருந்துன்னு உனக்குத் தெரியும், படிக்கற மத்தவங்களுக்குத் தெரிய வேணாம். வீட்டு விஷயம் எதையும் இங்க எழுதப் போறதில்ல, அந்தப் படத்தப் பத்தி மட்டும்.

நேத்து பழைய ஹார்ட் டிஸ்க்கைக் குடைஞ்சப்ப ரோல்ஸ் ராய்ஸ் கார் பானட் முனைல நிக்குமே, அந்தப் பொண்ணு பொம்மையோட ஒரிஜினல் ஃபைல் கிடைச்சுது. வெயில் ஏறிட்டா க்ரோம்ல வெளிச்சம் கண்ணக் குத்தும், வானம் வெள்ளையா இருக்கும்போதே எடுத்துடணும்னு நாலு மணிக்கே எழுப்பிக் கூட்டிட்டுப் போன. நான் லென்ஸ் முன்னாடி மாட்டற போலரைசரை, அதான் பளபளப்பக் குறைக்கற ஃபில்டரை, திருகித் திருகிப் பாத்துட்டிருந்தேன். "அது கண்ணாடிக்கும் பெயிண்ட்டுக்கும்தான்டா கேக்கும், வெறும் உலோகத்துல பட்டு வர்ற வெளிச்சத்த வெட்டாது"ன்னு சொல்லிட்டு, கருப்புத் துணிய ரெண்டு கையாலயும் விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு பானட் பக்கத்துல முட்டி போட்ட. நல்லாத்தான் பிடிச்ச. அவ பின்னால பறக்கற உடுப்பு மடிப்புல மட்டும் உன் சிவப்புச் சட்டை பிரதிபலிச்சு மெல்லிசா ஒரு கோடு விழுந்துச்சு.

"தள்ளிப் போண்ணே, படத்தக் கெடுக்காத."

அத்தன பேர் முன்னாடி கத்தினேன். நீ ஒண்ணும் சொல்லல, துணிய நாலா மடிச்சு என் பை மேல வெச்சுட்டுப் போயிட்ட.

மன்னிச்சுக்கோ. ஆனா ஒண்ணு, கார் ஓனர் பத்து நிமிஷம்தான் கொடுத்திருந்தாரு, அவ்ளோ கிட்ட போனா ஃபோகஸ் மயிரிழைதான், முகம் ஷார்ப்பா வந்தா கை மங்குது, வெளிச்சம் வேற மாறிட்டே இருந்துச்சு, எனக்குக் கை நடுங்குச்சு. காரணம் சொல்லக் கூடாதுதான், ஆனா அப்படித்தான் நடந்துச்சு.

கத்தினத விட மோசமானது அப்புறம் பண்ணினது. 1911ல அத வடிச்ச சார்ல்ஸ் சைக்ஸ் ஆரம்ப காலப் பொம்மைங்க அடிப்பீடத்துல தன் பேரப் பொறிச்சாரு, மெழுகு அச்சுல வார்த்துக் கையால ராவினதால ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காதுன்னு தொட்டுக் காட்டாத குறையா விளக்கினது நீ. அந்தப் பேரு தெரியற மாதிரி எடுத்த படத்துல உன் சிவப்பை அழிச்சுட்டு, கீழ என் பேர மட்டும் போட்டுக்கிட்டேன்.

ஏன்டா இப்படிப் பண்ணினன்னு நீயும் என்கிட்டயே கேட்டிருக்கலாம்ல? ஊர்ல எல்லார்கிட்டயும் சொன்ன, எனக்கு மட்டும் ஒரு வார்த்தை இல்ல. 1950கள்ல வந்த போண்டியாக் கார் பானட்ல ஹெட்லைட் போட்டா ஆம்பர் கலர்ல எரியுமே ஒரு முகம், அத ராத்திரில சேந்து எடுக்கலாம்னு சொல்லிட்டே இருப்ப. தனியாப் போய் எடுத்து அனுப்பினேன். பாத்த, பதில் போடல. அது இன்னும் வலிக்குது.

திருத்தின படத்த இன்னைக்கு இங்கேருந்து நீக்கிட்டேன். ஒரிஜினல் அப்படியே கீழ இருக்கு, சிவப்புக் கோட்டோட. நெசமா சொல்றேன், அந்த மடிப்பு இருக்கறதே அந்தக் கோட்டாலதான் கண்ணுக்குத் தெரியுது. உன் பேருக்கு இடம் விட்டு வெச்சிருக்கேன், கேக்காம போட எனக்கு உரிமை இல்ல. சரின்னா ஒரு வரி அனுப்பு. திட்டணும்னா இங்க வேணாம், போன்ல கூப்பிடு, எடுக்கறேன்.