டோஃபுவ இப்படி செஞ்சு பாருடி

அன்புள்ள வசந்தி,

உன் லெட்டர் கிடைச்சுதுடி. அப்பா திரும்ப வாக்கிங் போக ஆரம்பிச்சுட்டாருன்னு படிச்சதும்தான் நிம்மதியாச்சு. பெரியவளுக்கு திருச்சியிலயே வேலை கிடைச்சது அத விட சந்தோஷம். இங்க சிங்கப்பூர்ல சின்னவன் நேஷனல் சர்வீஸ்ல, அதான் கட்டாய ராணுவ சேவைல, சேர்ந்துட்டான், சனி ஞாயிறுதான் வீட்டுக்கு வரான், வந்ததும் நேரா அடுப்படிக்குத்தான்.

அப்பாவுக்கு புரோட்டீன் வேணும்னு டோஃபு வாங்கி பட்டர் மசாலா பண்ணேன், ஒருத்தரும் தொடலன்னு எழுதியிருந்தல்ல, எனக்கு மனசு கேக்கல. பன்னீர்ல பால் கொழுப்பு இருக்கு, கிரேவில சும்மா போட்டாலே ருசிக்கும். டோஃபு அப்படி இல்ல, சோயா பால ஜிப்சம் மாதிரி எதையாவது போட்டு திரிய வச்சு அழுத்துறாங்க, அதுல முக்கால்வாசி தண்ணிதான், அந்த தண்ணிய கொஞ்சம் வெளியேத்தி, அப்புறம் சாஸ்ல நிதானமா கொதிக்க விட்டாதான் அதுக்கு உசுரே வரும். சீனாவுல வீட்டுக்கு வீடு செய்யற ஹோங்ஷாவ் தோஃபு இப்படித்தான், எதிர் வீட்டு ஆன்ட்டி செய்யறப்ப பக்கத்துல நின்னு கத்துக்கிட்டேன்.

கெட்டி டோஃபு 400 கிராம் எடுத்துக்கோ. விரல் கனத்துக்கு முக்கோணமா வெட்டி, உப்பு போட்ட கொதி தண்ணில ஒரு பத்து நிமிஷம் ஊறவிட்டு, துணியில ஒத்தி ஈரம் போக காயவை. இரும்பு தோசைக்கல்லு இருந்தா அதுதான் பெஸ்ட், எண்ணெய் நல்லா காஞ்சப்புறம் பரத்தி வச்சிட்டு கரண்டியால நோண்டாம விடு. முதல்ல ஒட்டிக்கிட்டுதான் இருக்கும், அடி செவந்ததும் அதுவே கல்ல விட்டு வந்துடும், அப்ப திருப்பு.

அப்புறம் இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாளோட வெள்ளைப் பகுதி இதெல்லாம் வதக்கி, ஊறவச்ச காஞ்ச ஷிடாக்கே காளான நறுக்கிப் போட்டு, லைட் சோயா சாஸ் ரெண்டு டேபிள்ஸ்பூன், டார்க் சோயா ஒரு டீஸ்பூன், சர்க்கரை ஒரு டீஸ்பூன், காளான் ஊறின தண்ணி ஒரு கப். அந்த தண்ணிய மட்டும் கீழ கொட்டிடாத, மொத்த ருசியும் அதுலதான் இருக்கு. லைட் சோயா உப்புக்கு, டார்க் சோயா நிறத்துக்கு, அதனால தனியா உப்பே வேணாம். அப்பாவுக்கு பிபி இருக்குல்ல, லைட் சோயா ஒரு டேபிள்ஸ்பூனோட நிறுத்திக்கோ, ஒரு டேபிள்ஸ்பூன்லயே 900 மில்லிகிராம் சோடியம் கிட்ட வருது. டோஃபுவ போட்டு மூடி சிம்ல பத்து நிமிஷம், கடைசில ஒரு டீஸ்பூன் கார்ன் ஃப்ளவர தண்ணில கரைச்சு ஊத்தினா சாஸ் பளபளன்னு ஒவ்வொரு துண்டுலயும் ஒட்டிக்கும். மேல சொட்டு எள்ளெண்ணெய், ஆனா நம்ம நல்லெண்ணெய் வேணாம்டி, அவங்கது எள்ள வறுத்து ஆட்டினது, வாசனையே வேற.

உங்க மாமியார் பூண்டு வெங்காயம் சேக்க மாட்டாங்கன்னு யோசிக்காத. ஆன்ட்டி புத்த மதம், சீன மாசத்துல 1ம் தேதியும் 15ம் தேதியும் சைவம், அன்னிக்கு பூண்டு வெங்காயத்தாள் எதுவும் கிடையாது, இஞ்சியும் காளானும் மட்டும் போட்டுதான் செய்வாங்க. எனக்கு என்னமோ அதுதான் இன்னும் பிடிக்குது, சோயா வாசனை சுத்தமா தெரியும்.

இன்னொரு விஷயம், மீதி டோஃபுவ ஃப்ரீசர்ல போட்டு வை. உள்ள தண்ணி ஐஸாகி ஓட்டை ஓட்டையா ஆயிடும், உருகினப்புறம் பிழிஞ்சு பாத்தா பஞ்சு மாதிரி இருக்கும், அத போட்டு செஞ்சா கடிக்கிறப்பவே சாஸ் பீச்சி அடிக்கும். என் பையன் அதத்தான் கேக்கறான்.

டார்க் சோயா இப்ப பெரிய சூப்பர் மார்க்கெட்டுல எல்லாம் வருது. காளான் கிடைக்கலன்னா சொல்லு, பொங்கலுக்கு என் நாத்தனார் ஊருக்கு வரா, இங்க தேக்கா மார்க்கெட்டுல வாங்கி குடுத்தனுப்பறேன். சூடான சோத்துல போட்டு அப்பாவுக்கு குடு, என்ன சொன்னாருன்னு மறக்காம எழுது.

உன்
கலா