செயலாளர் ஆண்டறிக்கை: கட்டற்ற மென்பொருள் வட்டம், திருகோணமலை

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வேலை வெட்டியை ஒதுக்கிவைத்துவிட்டு இந்த வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்குச் சமூகமளித்திருக்கும் அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதாந்தக் கூட்டங்கள் ஒன்பது நடந்தன. மூன்று கூட்டங்கள் நிறைவெண் இல்லாமல் ஒத்திவைக்கப்பட்டன. செப்டெம்பரில் மென்பொருள் சுதந்திர நாளை உவர்மலையில் கொண்டாடினோம். மூதூரிலும் கிண்ணியாவிலும் லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் தலா ஒரு நாள் பயிற்சி நடந்தது. ஏழு பழைய கணினிகளுக்கு லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தை நிறுவிக் கொடுத்தோம்.

இனி, நம் வேலையில் யார் எவ்வளவு பங்களிக்கிறார் என்று நான் அளந்த அளவீட்டு வேலை. இதைப் பற்றிச் செயற்குழுவில் இரண்டு கருத்து இருந்தது. ஆகவே நடந்ததை முழுதாகப் பதிவில் வைக்கிறேன்.

நமது மென்பொருள் தமிழாக்கங்களும் சிறு கருவிகளும், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) என்ற மென்பொருளின் களஞ்சியங்களில் இருக்கின்றன. யார் எப்போது எதை மாற்றினார் என்பதெல்லாம் அங்கே பதிவாகியிருக்கிறது, ஆனால் ஒருவரும் அதைத் திறந்து பார்த்ததில்லை. கட்டற்ற மென்பொருள் சமூகங்களின் நலத்தை எப்படி அளப்பது என்பதற்காகவே 2017இல் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் கேயாஸ் என்ற திட்டம் தொடங்கியது. அதன் கருவிகளில் ஒன்றான, இப்பதிவுகளைத் திரட்டி வரைபடமாக்கும் கிரிமோர்லேபை நம்மிடமிருந்த பழைய கணினியில் நிறுவினேன். நினைவகம் போதாமல் இரண்டு முறை நின்றுபோனது. கூடுதல் நினைவகத்தை என் கைக்காசில் வாங்கிப் போட்டேன். பற்றுச்சீட்டு பொருளாளரிடம் இருக்கிறது.

முதல் வரைபடத்தில் அதிகம் பங்களித்தவர்களாக மேலே நான்கு பெயர்கள் வந்தன. அவற்றில் மூன்று கிண்ணியாத் தங்கச்சி ஒருவருடையவை: வீட்டுக் கணினியில் தமிழில் பெயர், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் பெயர், கைப்பேசியில் தகப்பனின் முதலெழுத்தோடு இன்னொன்று. இப்படிச் சிதறிய பெயர்களை ஒன்றாக்க சார்ட்டிங்ஹாட் என்ற பகுதி உண்டு. ஆனால் எது யாருடையது என்பதை ஆள்தான் சொல்லவேண்டும். மூன்று மாலை ஒவ்வொருவராக அழைத்து, "இது உங்கட மின்னஞ்சல்தானே?" என்று கேட்டுக் கேட்டுச் சேர்த்தேன்.

எண்ணிக்கை முழு உண்மையைச் சொல்லாது என்பதையும் அப்போதே கண்டேன். ஒருவர் எழுத்துப்பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்தி நாற்பது கமிட், அதாவது நாற்பது மாற்றப் பதிவுகள், போட்டிருந்தார். இன்னொருவர் ஒரு மாதம் இருந்து செய்த தமிழாக்கத்தை ஒரே கமிட்டில் அனுப்பியிருந்தார். நமது ஓய்வுபெற்ற ஆசிரியை அம்மாவுக்கோ வரைபடத்தில் பூச்சியம். ஆங்கில 'ஃபைல்' என்பதற்குக் 'கோப்பு' என்று போடுவதா, நம் கந்தோர்களில் வழங்கும் 'கோவை' என்று போடுவதா என்பதில் தொடங்கி, ஒவ்வொரு சொல்லையும் தொலைபேசியிலேயே பார்த்துச் சொல்பவர் அவர். தொலைபேசிப் பேச்சு கிட்டில் பதிவாவதில்லை. அதனால் மீளாய்வுக்குத் தனிப் பதிவேடு ஒன்று தொடங்கியிருக்கிறேன்.

இத்தனை பாடுபட்டது ஓர் எண்ணுக்காகத்தான். மொத்தப் பங்களிப்பில் பாதியைச் செய்பவர்கள் குறைந்தபட்சம் எத்தனை பேர் என்பதே அந்த எண். அவர்கள் விலகினால் வேலையில் பாதி நின்றுபோகும். நமக்கு அது இரண்டு. முப்பத்தொரு அங்கத்தவர்கள் உள்ள வட்டத்தில் இரண்டு பேர்!

இது நமக்கு மட்டும் உள்ள நோயல்ல. 2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற கருவியில் யாரோ திட்டமிட்டுப் பின்கதவு, அதாவது கணினிக்குள் புகும் கள்ளவழி, வைத்தது வெளிவந்தது. உலகெங்கும் லினக்ஸ் கணினிகளில் ஓடும் அந்தக் கருவியைப் பல ஆண்டுகள் ஒரே ஒருவர் ஊதியமில்லாமல் பராமரித்து வந்தார். அவர் களைத்திருந்த வேளையில், உதவிக்கு வந்தவர் போல நடித்து நம்பிக்கையைப் பெற்றே உள்ளே நுழைந்தார்கள். உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ன்ட் என்ற பொறியியலாளர்தான் அதைக் கண்டுபிடித்தார். ஒரு சுமையை யார் தனியே சுமக்கிறார் என்று நேரத்தோடு தெரிந்துகொள்ளத்தான் நான் இந்த அளவீட்டைச் செய்தேன்.

இதை வேவு பார்த்தல் என்று சில அங்கத்தவர்கள் சொன்னது என்னை மிகவும் வருத்தியது. வரைபடத்தைப் பெயர்களோடு சுவரில் ஒட்டியது என் பிழைதான், மறுநாளே கழற்றிவிட்டேன். ஆனால் அளந்தது பிழையென்று ஒப்புக்கொள்ளமாட்டேன். அப்படிச் சொன்னவர்களில் இருவர் அந்த ஆண்டு ஒரு கூட்டத்துக்கும் வரவில்லை, சந்தாவும் கட்டவில்லை.

சந்தா மாதம் நூறு ரூபா. முப்பத்தொரு பேரில் பன்னிரண்டு பேரே முழுதாகக் கட்டியிருக்கிறார்கள். "சஹானாவைக் காசில்லாமல்தானே செய்தார்கள்" என்று, சஹானா என்ற பேரிடர் நிவாரண மென்பொருளைச் சுட்டி ஒருவர் கேட்டார். உண்மை. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, நம் கரைகளில் காணாமற்போனவர்களையும் முகாம்களையும் பதிவுசெய்ய இலங்கைத் தொண்டர்கள் சில வாரங்களுக்குள் எழுதியது அது. 2006ஆம் ஆண்டுக்கான, கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நல விருதும் பெற்றது. ஆனால் அந்த உந்துதல் மட்டும் போதவில்லை. 2009இல் தனி அறக்கட்டளை அமைத்துத்தான் அதைத் தொடர்ந்து நடத்தினார்கள். நமக்கு வேண்டியது மின்கட்டணமும் இணையக் கட்டணமும் மட்டுமே.

கணக்கைப் பொறுத்தவரை, வரவும் செலவும் ஏறக்குறைய சமன். கையிருப்பு சிறிதளவு உண்டு. விவரங்களைப் பொருளாளர் ஐந்தொகையுடன் சமர்ப்பிப்பார்.

மண்டபம் தந்தவர்களுக்கும், தேநீர் ஏற்பாடு செய்த சகோதரிகளுக்கும், வழிகாட்டிய தலைவருக்கும், என் நேரமின்மையைப் பொறுத்துக்கொண்ட வீட்டாருக்கும் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். வேலையில் பாதியைச் செய்யும் அந்த இருவரில் ஒருவரான தம்பி தை மாதம் கட்டாருக்கு வேலைக்குப் போகிறார். அவர் போனபின் எஞ்சுவது தங்கச்சி மட்டுமே, அவருக்கும் இறுதியாண்டுப் பரீட்சை. கணினியின் கடவுச்சொற்களை உறையிலிட்டுப் பொருளாளரிடம் ஒப்படைத்திருக்கிறேன். தம்பி புறப்படும்வரை சனிக்கிழமைகளில் பின்னேரம் நான்கு மணிக்கு, தான் செய்யும் வேலையைச் சொல்லித்தர இருக்கிறார். கற்றுக்கொள்ள இரண்டு பேர் வந்தாலும் போதும். வருபவர்கள் இன்று கூட்டம் கலையுமுன் என்னிடம் பெயரைத் தந்துவிட்டுப் போங்கள். பாக்கிச் சந்தாவையும் அப்போதே பொருளாளரிடம் கொடுக்கலாம்.

செயலாளர்