நன்கு வளர்ந்தும் நச்சு குறைந்த பேட்ச்

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுவது.

கிருமியின் நச்சிலிருந்து செய்யும் தொண்டை அடைப்பான் தடுப்பூசிக்கான இரண்டு பேட்சுகளிலும், கிருமிப் பெருக்கத்தைக் காட்டும் கலங்கல் நன்றாக ஏறியிருந்தும் நச்சின் அளவு வழக்கத்தில் பாதியைக்கூட எட்டவில்லை என்று எழுதியிருந்தாய். கிருமி இவ்வளவு செழித்தும் நச்சு ஏன் குறைந்தது என்பது உன் கேள்வி. செழித்ததனாலேயே குறைந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

பெரும்பாலான தடுப்பூசிக் கூடங்களைப் போல நீங்களும் வளர்ப்பது பார்க்-வில்லியம்ஸ் 8 என்னும் கிருமி வகையைத்தான். அதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நியூயார்க்கில் ஒரு நோயாளியின் தொண்டையிலிருந்து பிரித்தெடுத்தவர் அன்னா வில்லியம்ஸ். ஆகவே, 'பார்க் 8' என்று சுருக்கிச் சொல்பவர்களை நான் இன்றும் திருத்துவேன். நச்சுக்கான மரபணு அந்தக் கிருமிக்குச் சொந்தமானதன்று, அதனுள் குடியேறிய வைரசுடையது. அந்த வைரஸ் புகுந்தால்தான் நச்சு உண்டாகிறது என்பதை 1951இல் ஃப்ரீமன் கண்டார். ஆனால் அந்த மரபணுவை அடக்கி வைத்திருக்கும் புரதம் கிருமியினுடையது. தன்னோடு இரும்பு ஒட்டியிருக்கும் வரையில் அப்புரதம் மரபணுவை விட்டு விலகாது. கிருமி வளரும் கரைசலான ஊடகத்தில் இரும்பு தீரத் தொடங்கி, வளர்ச்சி தளரும் வேளையில்தான் அது விலகி நச்சு சுரக்கிறது. லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் அளவில் இரும்பு இருந்தால் மிகுதியாகக் கிடைக்கும் நச்சு, அது 0.5 மில்லிகிராமை எட்டினால் பெரிதும் விழுந்துவிடும். இரும்பின் இந்தத் தடையைப் பாப்பன்ஹைமரும் ஜான்சனும் 1936லேயே எழுதிவிட்டார்கள்.

அதனால்தான் நாங்கள் ஊடகத்துக்கான கேசீன் (பால் புரதம்) கரைசலில் பாஸ்பேட்டோடு கால்சியம் குளோரைடையும் சேர்த்துக் காரமாக்கிக் கொதிக்க வைப்போம். வெள்ளையாக வீழும் படிவு இரும்பையும் இழுத்துக்கொண்டு அடியில் தங்கும். ஒரு முறை அப்படி வடிகட்டிய ஊடகத்தை, உள்பூச்சு பெயர்ந்த ஓர் இரும்புப் பாத்திரத்தில் ஊற்றி வைத்துவிட்டோம்; நச்சு விழுந்துவிட்டது. மூன்று வாரம் நாங்கள் விதைக் கல்ச்சரையே (தொடக்கத்தில் இடும் கிருமியையே) சந்தேகித்துக்கொண்டிருந்தோம். பாத்திரத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆகவே உங்கள் கேசீன் புதிய லாட்டா, குழாயோ வால்வோ அண்மையில் மாற்றப்பட்டதா என்பதை முதலில் விசாரி.

அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் பதிவையும் எடுத்துப் பார். கிருமி மால்ட்டோஸ் சர்க்கரையைச் செலவிடும்போது அமிலம் வெளிப்பட்டு அது இறங்கும். பிறகு அமினோ அமிலங்கள் சிதைந்து அம்மோனியா உண்டாக, 8ஐ நோக்கி ஏறும். ஏறாமல் கிடந்தால் கோளாறு இரும்பில் இல்லாமல், கிருமிக்குச் செலுத்தும் காற்றில் இருக்கலாம்.

அடுத்த பேட்சை ஃபெர்மென்டரில் (வளர்ப்புக் கலத்தில்) ஏற்றுவதற்கு முன், அதே ஊடகத்தில் ஒரு பங்கை மறுபடியும் அப்படியே படிவு வீழ்த்திக் கொதிக்கவைத்து வடிகட்டி, அதிலும் மறுபடி வடிகட்டாத பங்கிலும் தனித்தனிச் சிறு குடுவைகளில் வளர்த்துப் பார். கலங்கல், பிஎச், நச்சளவு ஆகிய மூன்றையும் நாள்வாரியாகக் குறித்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா