கிளேஸ் தயிராகிறதா? தண்ணீரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடையில் காவிரித் தண்ணீர் குறைந்து டேங்கர் வரத் தொடங்கினால், பெங்களூரின் மண்பாண்டப் பட்டறைகளில் கிளேஸ் (பாண்டத்தின் மேல் பூசி, சூளையில் உருகிக் கண்ணாடிபோல் படியும் பூச்சு) விலகிச் சுருள்கிறது என்ற புகாரும் கூடவே வருகிறது. பழி சூளை மீதோ பொடி விற்றவர் மீதோ விழுகிறது. வாளியில் ஊற்றிய தண்ணீரை யாரும் சந்தேகிப்பதில்லை. நாள்கணக்கில் உழைத்துத் திரட்டிய பாண்டம் கடைசிப் பூச்சில் வீணாவது வயிற்றெரிச்சல்.

டேங்கரில் வரும் போர்வெல் நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் கிளேஸில் உள்ள களிமண் துகள்களைத் திரளவைக்கும். கலவை தயிர்போல் கெட்டிப்படும். கெட்டியாகிவிட்டதே என்று மேலும் நீர் ஊற்றுவதுதான் பெரிய தவறு. நீர் மிகுந்த பூச்சு காயும்போது அதிகம் சுருங்கி மயிரிழையாக வெடிக்கும். சூளையில் அந்த வெடிப்பு வழியே கிளேஸ் ஒதுங்கி, வெறும் மண் தெரியும்.

ஊற்றுமுன் எடை பாருங்கள். 100 மி.லி. கிளேஸ் 145 கிராம் அளவில் இருந்தும் கரண்டியை விட்டு இறங்க மறுத்தால், நீர் போதாமல் இல்லை. நீரிலுள்ள உப்புதான் கோளாறு. ஓரிரு நாள் அசையாமல் வைத்து, மேலே தெளிந்ததை இறுத்துவிட்டு, அதே அளவு ஆர்.ஓ. நீர் சேர்த்து 80 மெஷ் (அங்குலத்துக்கு 80 கண்கள்) சல்லடையில் வடிகட்டினால் பெரும்பாலும் சரியாகும். வெண்காரம், சோடா சாம்பல் சேர்ந்த கலவையில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். தெளிந்த நீரோடு அவையும் போய்விடும்.

அடுக்குமாடிகளில் கடின நீரை மென்னீராக்கும் சாஃப்ட்னர் கருவியின் நீரையும் நம்ப வேண்டாம். அதில் கால்சியம் இருந்த இடத்தில் சோடியம் ஏறியிருக்கும். கிளேஸ் நீர்த்து, அடியில் கல்லாக இறுகும். ஆர்.ஓ. கழிவுநீர் தரை கழுவ மட்டுமே.

கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த இந்தக் கடின நீர் கிளேஸின் நிறத்தைக் கெடுக்கும் என்பாரும் உண்டு. குடிநீருக்கு இந்தியத் தரநிலை அனுமதிக்கும் உச்சம் லிட்டருக்கு 600 மி.கி. கடினத்தன்மை. அத்தகைய நீரை ஒரு கிலோ பொடிக்கு ஒரு லிட்டர் ஊற்றினாலும் ஒரு கிராம் சுண்ணாம்புகூடச் சேராது. உருகும் விதம் அதனால் மாறாது.

ஆர்.ஓ. வசதியில்லாதோர் ஏப்ரல், மே மழையைக் கூரையிலிருந்து பிடித்து வைக்கலாம். முதலில் வரும் அழுக்கு நீரை விட்டுவிடுங்கள். மழைநீரில் கரைத்த கிளேஸ் சீக்கிரம் படியும். அதைத் தடுக்க, கிலோவுக்கு 10 முதல் 20 கிராம் பென்டோனைட் என்ற நுண்களிமண்ணை மற்றப் பொடிகளோடு உலர்வாகவே கலந்து, பிறகு நீரில் தூவுங்கள். தனியாக நீரில் போட்டால் கட்டிகட்டியாகத் திரண்டுவிடும்.

இப்படிக்கு,
மண்பாண்டப் பட்டறை வாசகர்கள்,
ஃபிரேசர் டவுன், பெங்களூரு