பாசலுக்குப் பக்கத்து ஊர்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம்.

"பாசலில்தானே இருக்கிறாய், பிறகேன் முகவரியில் வேறு ஊர்?" என்று கேட்டிருந்தாய். நான் இருப்பது சுவிஸில் பாசல் நகரத்தை ஒட்டிய பீர்ஸ்ஃபெல்டன். பாசல் நகரத்தின் நடுவில் 3ஆம் இலக்க ட்ராமில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் பீர்ஸ் ஆற்றுப் பாலம் வரும். தாண்டினால் எங்கள் ஊர். இடைவெளியில்லாமல் வீடுகள் தொடர்வதால் புதிதாக வருகிறவர்களுக்கு ஊர் மாறியதே தெரியாது. ஆனால் அங்கே கன்டோனே, அதாவது மாநிலமே, மாறிவிடுகிறது. 1833இல் நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் சண்டை பிடித்து இரண்டாகப் பிரிந்தார்கள். திரும்பச் சேருவோமா என்று 1969இல் கேட்டார்கள். அதைப் பற்றி ஆராயவாவது செய்வோமா என்று 2014இல் கேட்டார்கள். இரண்டு முறையும் எங்கள் பக்கத்துச் சனம் மறுத்துவிட்டது. பக்கத்து முட்டென்ஸோடு சேர்ந்திருந்த பீர்ஸ்ஃபெல்டன் தனி ஊரானது 1875இல். பரப்பு இரண்டரைச் சதுர கிலோமீட்டர், சனம் பத்தாயிரம் அளவில்.

இவ்வளவு சின்ன இடத்துக்குள் நகரம் எதையெல்லாம் கொண்டுவந்து வைத்திருக்கிறது தெரியுமா? முதலில் விமான நிலையம். 1946இல் பிரெஞ்சு மண்ணில் புதிய நிலையம் திறக்கும்வரை பாசலுக்கான விமானங்கள் இறங்கியது இங்கே ஸ்டெர்னன்ஃபெல்ட் வெளியில்தான். இப்போது அங்கே அடுக்குமாடிகளும் துறைமுகமும்.

அப்புறம் மின்நிலையம். 1954இல் ரைன் நதிக்குக் குறுக்கே கட்டியது. ஹான்ஸ் ஹோஃப்மன் என்ற கட்டடக்கலைஞர் அதற்கு மடிப்பு மடிப்பான கூரை போட்டு, சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்தார். நடந்து போகிறவர்கள் நின்று உள்ளே இயந்திரங்களைப் பார்க்கலாம். பக்கத்தில், நீர்மட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் கப்பல்களை அணையின் மேலும் கீழும் அனுப்பும் மதகு. ஞாயிறு பின்னேரங்களில் அங்கேதான் போய் நிற்பேன். நீளமான சரக்குக் கப்பல் ஒன்று உள்ளே வரும், பின்னால் கதவு மூடும். தண்ணீர் மெல்ல ஏற, முதலில் கொடிக்கம்பம் தெரியும், பிறகு மாலுமியின் அறை, அதன் பின்னால் அவருடைய கார், கொடியில் காயும் உடுப்பு. குடும்பத்தோடு ஆற்றிலேயே வாழ்கிறவர்கள். பார்க்க அலுக்காது.

ஆனால் உனக்கு முக்கியமாகச் சொல்ல வந்தது தண்ணீரைப் பற்றி. ஊரின் கிழக்கே ஹார்ட் என்றொரு காடு. ரைன் தண்ணீரை வடிகட்டிக் கொண்டுவந்து காட்டுக்குள் வெட்டிய வாய்க்கால்களிலும் குளங்களிலும் விடுகிறார்கள். அது மண்ணிலும் சரளைக் கல்லிலும் ஊறி நிலத்தடி நீரோடு சேர்கிறது. பிறகு கிணறுகளிலிருந்து இறைக்கிறார்கள். 1950களில் தொடங்கிய ஏற்பாடு. பாசல் நகரம் குடிக்கும் தண்ணீரில் பெரிய பங்கு இங்கிருந்து போகிறது.

அந்தக் காட்டுக்கு ஒரு பக்கம் துறைமுகத்து எண்ணெய்த் தாங்கிகள். இன்னொரு பக்கம் நெடுஞ்சாலை, சரக்கு ரயில் நிலையம். ஆற்றின் மேல்பக்கம் ஷ்வைட்ஸர்ஹாலேயில் இரசாயனத் தொழிற்சாலைகள். 1986 நவம்பர் 1 அதிகாலை அங்கே ஒரு கிடங்கு எரிந்தது. நெருப்பை அணைத்த தண்ணீரோடு பூச்சிகொல்லி நதியில் கலந்து ரைன் சிவப்பாக ஓடியது, விலாங்கு மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. சனம் தெருவில் இறங்கியது. அதற்குப் பிறகுதான் அணைக்கும் நீரைத் தேக்கிவைக்கத் தொட்டி கட்ட வைத்தார்கள். தண்ணீர் விடயத்தில் இன்றைக்கும் இங்கே யாரும் லேசில் சமாதானமாவதில்லை. எனக்கு இந்த ஊரில் மிகப் பிடித்தது அந்தப் பிடிவாதம்தான்.

சுவிஸ் கடவுச்சீட்டில் பிறந்த இடத்தைப் போடுவதில்லை. எந்த ஊர் உன்னைத் தன் குடியாக ஏற்றதோ அதையே போடுவார்கள். என்னுடையதில் பீர்ஸ்ஃபெல்டன் என்றுதான் இருக்கிறது. அதனால் இந்தத் தண்ணீரைப் பற்றிக் கேள்வி கேட்பது எனக்கும் கடமை என்று நினைக்கிறேன்.

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த நாட்களில் நீ வாளியோடு தண்ணீர்ப் பவுசர் வண்டிக்குக் காத்து நின்றதாக எழுதியிருந்தாய். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இல்லை, பெரும்பாலும் நிலத்தடி நீரைத்தான் நம்பியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டுக் கிணற்றைக் கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள்? முடிவைக் கையில் தந்தார்களா, இல்லை வாயால் சொல்லிவிட்டுப் போனார்களா? அறிக்கை இருந்தால் படம் எடுத்து அனுப்பு. இங்கே நீர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற ஒருவரை எனக்குத் தெரியும், காட்டிக் கேட்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்