டெராபைட்டை மட்டும் எண்ணி பேக்கப் சர்வர் வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பேக்கப் சர்வர் வாங்குவது பற்றி உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். கையில் எவ்வளவு டேட்டா இருக்கிறதோ அதைப்போல இரண்டு மடங்கு டிஸ்க் போட்டால் போதும் என்கிற மாதிரி எழுதியிருந்தார்கள். பல வருடமாக இதே வேலையில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன், அந்தக் கணக்கில் வாங்கிய சர்வரில் பேக்கப் என்னவோ ஓடும், ரெஸ்டோர், அதாவது அந்த டேட்டாவைத் திரும்ப எடுப்பது என்று வரும்போது கைவிரித்துவிடும்.

மெயின் சர்வர் போய்விட்டால் எத்தனை மணி நேரத்துக்குள் எல்லாம் திரும்ப வர வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டுதான் மற்றதைப் பேச வேண்டும். ஒரு ஜிகாபிட் நெட்வொர்க்கில் நடைமுறையில் நொடிக்கு 110 மெகாபைட் கிடைத்தாலே நல்ல வேகம். அந்த வேகத்தில் 10 டெராபைட்டைத் திரும்பக் கொண்டுவர 25 மணி நேரம் ஆகும். எட்டு மணி நேரத்தில் வேண்டும் என்றால் நொடிக்குச் சுமார் 350 மெகாபைட் தேவை, அதற்கு 10 ஜிகாபிட் கார்டு போட வேண்டும். சரி, கார்டு போட்டாயிற்று, டிஸ்க் அந்த வேகத்தில் படித்துக் கொடுக்குமா?

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். 16 டெராபைட் டிஸ்க் ஆறு வாங்கினாலும் 8 டெராபைட் டிஸ்க் பன்னிரண்டு வாங்கினாலும் மொத்தம் 96 டெராபைட்தான், ஆனால் ஆறு டிஸ்க்கில் வேலை செய்யும் கைகள் பாதிதான். 7200 ஆர்பிஎம் ஹார்ட்டிஸ்க் ஒன்று நொடிக்கு 80 ரேண்டம் ஆபரேஷன் (டிஸ்க்கில் அங்கங்கே தாவிப் படிப்பது, எழுதுவது) அளவில்தான் தாங்கும். இரண்டு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பிக்கும்படி டிஸ்க்குகளைச் சேர்க்கும் ரெய்டு 6-இல் ஒரு சின்ன ரைட்டுக்கு மூன்று ரீட், மூன்று ரைட் என்று ஆறு ஆபரேஷன் போய்விடும். பன்னிரண்டு டிஸ்க் சேர்ந்தும் ரேண்டம் ரைட் என்று பார்த்தால் நொடிக்கு 160 தான் மிச்சம். ஒரே மாதிரியான துண்டுகளை ஒருமுறை மட்டும் சேமிக்கும் டீடூப்ளிகேஷன் வைத்திருந்தால் இன்னும் மோசம், ஒரே ஃபைலின் துண்டுகள் டிஸ்க் முழுக்கச் சிதறிக் கிடக்கும், ரெஸ்டோர் செய்யும்போது ஒவ்வொன்றாகத் தேடி எடுக்க வேண்டும். எது எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் இன்டெக்ஸையும் கேட்டலாக் டேட்டாபேஸையும் எஸ்எஸ்டியில் வையுங்கள் என்று சொல்வது இதனால்தான். லட்சக்கணக்கான சின்ன ஃபைல்கள் இருக்கிற இடத்தில் டேட்டாவின் அளவைவிட ஃபைல்களின் எண்ணிக்கைதான் சர்வரைத் திணறடிக்கும்.

ராம் விஷயத்தில் பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் என்ற மென்பொருளின் பரிந்துரை நல்ல தொடக்கம்: அடிப்படைக்கு 4 ஜிபி, அதற்கு மேல் ஸ்டோரேஜில் டெராபைட்டுக்கு ஒரு ஜிபியாவது. இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் டீடூப்ளிகேஷனை ஆன் செய்யப் போகிறவர்கள் இதைவிட நிறைய ஒதுக்க வேண்டும். கம்ப்ரெஷனும் என்கிரிப்ஷனும் சிபியுவைத் தின்னும், ஆனால் இப்போதைய பிராசசர்களில் அது பெரிய தலைவலி இல்லை.

ஸ்னாப்ஷாட், அதாவது ஒரு நொடியில் டேட்டா இருந்த நிலையை அப்படியே பிடித்து வைப்பது பற்றிக் கட்டுரையில் இரண்டே வரி. எடுக்க ஒரு நொடிதான், பிறகு மாறுகிற டேட்டாவின் பழைய வடிவத்தையும் வைத்திருக்கத்தான் இடம் வேண்டும். 10 டெராபைட்டில் தினமும் 3 சதவீதம் மாறினால் ஒரு நாளைக்கு 300 ஜிபி, முப்பது நாள் வைத்திருந்தால் 9 டெராபைட் வரை போகும், அதாவது அசல் அளவுக்கே கிட்டத்தட்ட இன்னொரு பங்கு. இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. விர்ச்சுவல் மெஷினை (ஒரு சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் தனிக் கம்ப்யூட்டர்) பேக்கப் எடுக்கும்போது அதன் ஸ்னாப்ஷாட் திறந்தே இருக்கும், பேக்கப் சர்வர் மெதுவாக வாங்க வாங்க புது மாற்றங்கள் சேர்ந்து அது வீங்கிக்கொண்டே போகும், கடைசியில் அதை நீக்கி அந்த மாற்றங்களை அசல் டிஸ்க்கில் மெர்ஜ் செய்யும் நேரத்தில் மெயின் மெஷினே தடுமாறும். ஒரே ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்று விர்ச்சுவல் மெஷின் மென்பொருள் தரும் விஎம்வேர் சொல்வது சும்மா இல்லை. பேக்கப் சர்வரில் மிச்சம் பிடித்த காசு இப்படி மெயின் சர்வரின் வேகத்தில் கழிந்துவிடுகிறது, யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

2017 ஜனவரி 31 அன்று புரோகிராம் கோடுகளைச் சேமித்து வைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் சுமார் 300 ஜிபி டேட்டாபேஸ் தவறுதலாக அழிந்தது. வழக்கமான பேக்கப் ஓடவே இல்லை என்பது அப்போதுதான் தெரியவந்தது, ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஓர் எல்விஎம் (லினக்ஸில் டிஸ்க்கை நிர்வகிக்கும் வசதி) ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. ஆனால் அது இருந்த டிஸ்க் மெதுவானது, மீட்க ஏறக்குறைய 18 மணி நேரம் ஆனது. வெறும் 300 ஜிபிக்கு! நடந்ததை அவர்களே ஒளிக்காமல் எழுதி வெளியிட்டார்கள், அதைப் பாராட்ட வேண்டும்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது தயவுசெய்து ரெஸ்டோர் வேகத்தையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். வாங்குபவர்களும், விற்பவர் காட்டும் டெமோவில் காலி டிஸ்க்கில் ஒரு பெரிய ஃபைலைத் திருப்பி எடுத்துப் பார்த்துத் திருப்திப்படாமல், டிஸ்க்கை 80 சதவீதம் நிரப்பி, பக்கத்திலேயே வெரிஃபையும் (பேக்கப் பழுதில்லாமல் இருக்கிறதா என்ற சோதனை) பழைய ஸ்னாப்ஷாட் நீக்கமும் ஓடும்போது ஒரு முழு மெஷினை ரெஸ்டோர் செய்து காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். அந்த நேரத்தைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
பேக்கப் பணியில் இருக்கும் ஒரு வாசகர்