இந்த ரெண்டு வாரம் ஹோம்வொர்க் தாத்தா பாட்டி கையில

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். கொலு பொம்மைய எல்லாம் இப்பதான் துணி சுத்தி பெட்டிக்குள்ள வச்சிருப்பீங்க, ஸ்கூல், ஆபீஸ், பிறந்தநாள் பார்ட்டின்னு ஓடிக்கிட்டு இருப்பீங்க, அதனால நேரா விஷயத்துக்கே வந்துடுறேன். நம்ம சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில மழலை வகுப்புக்கும் நிலை 1க்கும் அடுத்த ரெண்டு வாரம் எழுத்து ஹோம்வொர்க் கிடையாது. அதுக்கு பதிலா பிள்ளைங்க தாத்தா பாட்டியோட சேர்ந்து வீட்டு வாசலையோ ஒரு ஜன்னலையோ இந்த இலையுதிர்காலத்துக்குன்னு அலங்காரம் பண்ணணும். கடையில வாங்குன பிளாஸ்டிக் மாலை வேண்டாம். கீழ விழுந்து கிடக்குறத பொறுக்கி, சமையல்கட்டுல மிஞ்சுறத எடுத்து, தமிழ்ல பேசிக்கிட்டே பண்ணணும். அவ்வளவுதான் வீட்டுப்பாடம்.

ஏன் இப்பவேன்னா, நம்ம பிள்ளைங்களோட தாத்தா பாட்டிங்க நிறைய பேர் ஏப்ரல் மே மாசத்துல வந்தவங்க. ஆறு மாசம் முடிஞ்சு அக்டோபர் கடைசியிலயோ நவம்பர் ஆரம்பத்துலயோ கிளம்பிடுவாங்க. மிச்சிகன்ல நம்ம டெட்ராய்ட் பக்கம் மரமெல்லாம் நல்லா நிறம் மாறி நிக்குறதும் சரியா இந்த அக்டோபர் நடுவுலதான். வடக்க அப்பர் பெனின்சுலா பக்கம் இந்நேரம் பாதி மரம் மொட்டையாவே ஆகியிருக்கும். மரம் சிவக்குற நேரமும் அவங்க பெட்டி கட்டுற நேரமும் ஒண்ணா வருது, அதுக்கு நடுவுல இருக்குறது இந்த ரெண்டு வாரந்தான்.

போன வருஷம் நடந்தத சொல்றேன். மழலை வகுப்புல ஒரு குட்டிப்பொண்ணு ஜிப்லாக் பைக்குள்ள எதையோ பொத்திப் பொத்தி வச்சுக்கிட்டு வந்தா. திறந்து பார்த்தா ஒரு கிளி. இங்க கடையில வாங்குற ஸ்வீட் கார்ன் இருக்குல்ல, அத உரிக்கும்போது வர்ற மேல்தோல்ல பின்னின கிளி! யாரு செஞ்சாங்கன்னு கேட்டா "தாத்தா"ன்னு மட்டும் சொல்லிட்டு நின்னா. அடுத்த வாரம் அந்த தாத்தாவையே வகுப்புக்கு வரச் சொன்னோம். தஞ்சாவூர் பக்கத்து விவசாயி, ஊர்ல கல்யாணம் திருவிழான்னா குருத்தோலைத் தோரணம் கட்டுறது அவர்தானாம். இங்க தென்னங்குருத்துக்கு எங்க போறது, மருமக சோளத்த உரிச்சு குப்பையில போடப்போனப்ப, "இரும்மா, அத இப்படிக் குடு"ன்னு வாங்கி வச்சுக்கிட்டாராம்.

அவரு அன்னைக்கு செஞ்சத பக்கத்துல உக்காந்து பார்த்தேன். தோல வெதுவெதுப்பான தண்ணியில ஒரு பத்து நிமிஷம் போட்டாரு, அப்பதான் மடிக்கும்போது கிழியாதாம். நகத்தால நீளவாக்குல விரல் அகலத்துக்குக் கிழிச்சாரு. ரெண்டு கீத்த குறுக்க வச்சு, ஒண்ண மடிச்சு இன்னொண்ணு மேல போட்டு, அடியில சொருகி, வால் பக்கம் புடிச்சு இழுத்தாரு, உடம்பு கிண்ணுன்னு இறுகி நின்னுச்சு. மூக்குக்கு ஒரு மடிப்பு, கண்ணுக்கு ஒரு கிராம்பு. முடிஞ்சுது கிளி. பன்னெண்டு பிள்ளைங்களும் மேஜை மேல ஏறாத குறையா, "தாத்தா இழுங்க, இன்னும் இறுக்குங்க, எனக்கு ஒண்ணு கிழிச்சுக் குடுங்க"ன்னு கத்துறாங்க. உரி, கிழி, நனை, மடி, சொருகு, இழு, இறுக்கு, நறுக்கு. எண்ணிப் பாருங்க, அரை மணி நேரத்துல எட்டு வினைச்சொல். நாங்க படம் ஒட்டி, அட்டை காட்டி, பாட்டுப் பாடி ஒரு டெர்ம் முழுக்க சொல்லிக் குடுத்தாலும் ரெண்டு மூணு தாண்டி நிக்க மாட்டேங்குது. கையில ஒரு பொருள் இருந்து, பக்கத்துல பிரியமா ஒருத்தர் இருந்தா வார்த்தை தானா வந்து ஒட்டிக்குது. இந்த வருஷம் இதையே ஹோம்வொர்க்கா குடுக்கணும்னு நான் பிடிவாதமா இருக்குறதுக்குக் காரணம் அந்தக் கிளிதான்.

சரி, என்ன செய்யலாம்? முதல்ல வெளிய போய் பொறுக்குங்க. பிள்ளை கையில ஒரு கூடை, பாட்டி கையில ஒரு பை. இலைக்கு நம்மகிட்ட எத்தனை பேர் இருக்கு பாருங்க. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகுன்னு ஒரே இலைக்கு வயசு ஏற ஏற பேர் மாறும். தென்னை பனைக்கு ஓலை, கரும்புக்கு தோகை, நெல்லுக்கு தாள், தாழைக்கு மடல். மொத்தத்தையும் ஒரே நாள்ல சொல்ல வேண்டாம். பழுப்பு எது சருகு எதுன்னு கையில எடுத்து, காதுகிட்ட வச்சு நொறுக்கிப் பார்த்தா போதும், சத்தம் வந்தா சருகு. "பழுத்த ஓலையப் பார்த்து குருத்தோலை சிரிச்சுதாம்"னு ஒரு பழமொழி இருக்கே, தாத்தா பாட்டியே அத பேரப்பிள்ளைக்குச் சொல்லட்டும், அவங்க சொன்னாதான் அதுக்கு அழகு.

மேப்பிள் இலையில மாவிலைத் தோரணம் மாதிரியே கட்டலாம். அன்னைக்கு விழுந்த இலையா இருக்கணும், ரெண்டு நாள் ஆனது மடிச்சா நொறுங்கிடும். மேப்பிளுக்கு காம்பு நல்லா நீளம், அதனால ஈர்க்குகூட வேண்டாம், இலையோட மேல்பக்கத்த நூல் மேல மடிச்சு அதோட காம்பாலயே குத்தி மாட்டிடலாம். நிலைவாசல்ல சிவப்பும் மஞ்சளுமா தோரணம் தொங்குனா அந்த வாசலோட களையே வேற.

ரொம்ப நாள் நிறம் மாறாம இருக்கணும்னா, நியூஸ்பேப்பருக்கு நடுவுல வச்சு கனமான புஸ்தகத்துக்கு அடியில ஒரு வாரம் அழுத்தி வைங்க. இல்லன்னா ரெண்டு வேக்ஸ் பேப்பருக்கு நடுவுல இலைய வச்சு, மேல ஒரு பழைய துணி போட்டு, ஆவி இல்லாம குறைஞ்ச சூட்டுல இஸ்திரி போடுங்க, மெழுகு உருகி ரெண்டும் ஒட்டிக்கும். இஸ்திரிப்பெட்டி பெரியவங்க கையில மட்டும். பேக்கிங்குக்கு வச்சிருக்குற பார்ச்மென்ட் பேப்பர்ல இது ஒட்டாது, வேக்ஸ் பேப்பர்தான் வேணும்.

"இலை ஏன் தாத்தா சிவப்பாச்சு?"ன்னு கண்டிப்பா கேட்பாங்க. பகல் குறைய குறைய மரம் இலையில பச்சையம் செய்றத நிறுத்திடுது. மஞ்சளும் ஆரஞ்சும் முதல்லேர்ந்தே இலைக்குள்ள இருந்ததுதான், பச்சை மறைச்சுக்கிட்டு இருந்துச்சு, அது போனதும் வெளிய தெரியுது. சிவப்பு அப்படி இல்ல, இலையில தங்குற சர்க்கரையிலேர்ந்து இந்த சீசன்லதான் புதுசா உண்டாகுது. அதனாலதான் பகல்ல நல்ல வெயிலும் ராத்திரி குளிரும் இருக்குற வருஷம் மேப்பிள் அப்படி ஜொலிக்குது. இத தமிழ்ல சொல்லிக் கேட்ட பிள்ளைக்கு பச்சையம்ங்குற வார்த்தை பாடமா வராம கதையா வந்துடும்.

பைன் மரத்துக் காய் கிடைச்சா விடாதீங்க. அலுமினியம் ஃபாயில் போட்ட தட்டுல பரப்பி 200 டிகிரி ஃபாரன்ஹீட்ல அரை மணி நேரம் ஓவன்ல வச்சா உள்ள இருக்குற பூச்சி செத்துடும், பிசினும் இளகி பளபளன்னு ஆகிடும், பக்கத்துலயே நின்னு பார்த்துக்கோங்க. வீடே சாம்பிராணி போட்ட மாதிரி மணக்கும், அதுவும் மரப்பிசின்தானே. இன்னொன்னு, ஒரு காயை தண்ணியில போட்டு வைங்க. கொஞ்ச நேரத்துல இதழெல்லாம் மூடிக்கும், காய வச்சா மறுபடி விரியும். நாலு வயசுப் பிள்ளைக்கு இதவிட பெரிய மாயாஜாலம் கிடையாது.

அப்புறம் பரங்கிக்காய். அரசாணிக்காய்னும் சொல்லுவாங்க, மஞ்சள் பூசணின்னும் சொல்லுவாங்க, பாட்டி எந்த ஊரோ அந்தப் பேரு. சின்னப் பிள்ளைங்களுக்கு கத்தி வேண்டாம், வெட்டாதீங்க. வெட்டுனா ஒரு வாரத்துக்குள்ள பூஞ்சை புடிச்சு அழுகிடும், அதுக்கு முன்னாடியே அணில் வந்து தின்னுட்டுப் போயிடும். முழுசா வச்சா நவம்பர் கடைசியில வர்ற தேங்க்ஸ்கிவிங் பண்டிகை வரைக்கும்கூட நிக்கும், உறைபனி விழுற ராத்திரி மட்டும் உள்ள எடுத்து வச்சுடுங்க. மேல வெள்ளை பெயின்ட் பேனாவால பாட்டி புள்ளி வைக்கட்டும், பிள்ளை கோடு இழுக்கட்டும். கோடு கோணலா போனா போகட்டும். ஊர்ல மார்கழி கோலத்துல சாணிப்பிள்ளையார் தலையில வைக்குற பூவும் இதோட பூதான்னு பாட்டி சொன்னா பிள்ளை கண்ணு விரியும். இந்தப் பரங்கியும் மக்காச்சோளமும் நம்ம ஊருக்கே இந்த கண்டத்துலேர்ந்து போனதுதான். இந்த கண்டத்தோட பூர்வீகக் குடிகள்ல ஒருத்தரான ஹோடெனோசோனி மக்கள் சோளம், பீன்ஸ், பரங்கி மூணையும் ஒரே பாத்தியில போட்டு அக்கா தங்கச்சிங்கன்னு சொல்லி வளர்த்தவங்க, சோளத்தோல்ல பொம்மையும் செஞ்சவங்க. தஞ்சாவூர் தாத்தாவோட கிளியைப் பார்த்தப்ப எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு.

வாசல்ல எல்லாரும் தொட்டியில வைக்குற மம்ஸ் இருக்கே, அது நம்ம செவ்வந்தி இனந்தான். தலையில வைக்குற பூவ வாசல்ல வச்சிருக்காங்கன்னு ஒரு பாட்டி ஆச்சரியப்பட்டாங்க.

இனி கவனமா இருக்க வேண்டிய சில விஷயம். மூணு மூணா இலை இருக்குற கொடிய தொடவே கூடாது, பாய்சன் ஐவி இந்த சீசன்ல ரொம்ப அழகா சிவக்கும், காஞ்ச இலையிலயும் அதோட எண்ணெய் இருக்கும், பட்டா அரிச்சுத் தடிக்கும். ஊர்லேர்ந்து வந்தவங்களுக்கு இது தெரிய வாய்ப்பே இல்ல, நீங்கதான் ஒரு தடவை கூட்டிட்டுப் போய் காட்டணும். ஆரஞ்சு மணி மணியா காய்க்குற பிட்டர்ஸ்வீட் கொடியும் வேண்டாம், அந்தக் காய் விஷம். இலைக்குவியல்ல விளையாடிட்டு வந்தா உண்ணி ஏறியிருக்கான்னு முழங்கால் மடிப்பு, காது பின்னாடி எல்லாம் பாருங்க. முக்கியமா, நனைஞ்ச இலை வழுக்கும், தாத்தா பாட்டிய செருப்போட அனுப்பாதீங்க, நல்ல ஷூ போட்டு விடுங்க.

பெற்றோர்களுக்குன்னு தனியா ஒண்ணு கேட்டுக்குறேன். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பகல் பூரா வீட்டுக்குள்ள தனியா உக்காந்து, ஆள் நடமாட்டமே இல்லாத தெருவ ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டு இருக்குறவங்க அவங்க. இது அவங்க நடத்துற வகுப்பு. தரையில சருகு கொட்டும், பரவாயில்ல. இன்டர்நெட்ல பார்த்த மாதிரி வரலைன்னு திருத்தாதீங்க. என் பொண்ணு சின்னவளா இருந்தப்ப எங்க அம்மா வந்திருந்தாங்க. ரெண்டு பேருமா ஒரு மத்தியானம் உக்காந்து ஓக் இலையா கோர்த்து ஒரு சரம் கட்டி ஹால் ஜன்னல்ல மாட்டியிருந்தாங்க. சாயங்காலம் ஆபீஸ்லேர்ந்து களைச்சு வந்த நான், விருந்தாளி வர்ற நேரம்னு அத எடுத்து இலை போடுற பேப்பர் பையில போட்டுட்டேன். அம்மா ஒண்ணும் சொல்லல, காபி போட்டுக் குடுத்தாங்க. அதுக்கப்புறம் அவங்களால இலையுதிர்காலத்துல இங்க வரவே முடியல. இன்னைக்கும் அந்த ஜன்னல கடந்து போறப்ப அது ஞாபகம் வந்துடுது. உங்க வீட்டுல அப்படி ஒரு சரம் தொங்குனா அது தானா உதிருற வரைக்கும் தொங்கட்டும், தயவுசெஞ்சு.

தாத்தா பாட்டி ஊர்ல இருக்காங்களா? வீடியோ கால் போடுங்க. சனிக்கிழமை காலையில இங்க 9 மணின்னா இப்போ அங்க சாயங்காலம் ஆறரை, இலங்கையிலயும் அதே நேரந்தான், அம்மம்மாவும் அப்பப்பாவும் டீ குடிச்சு முடிச்சு உக்காந்திருப்பாங்க. பிள்ளை பொறுக்குன இலைய ஒண்ணொண்ணா கேமராவுல காட்டட்டும், அவங்க பேர் சொல்லட்டும், எப்படிக் கட்டணும்னு அங்கேர்ந்தே சொல்லட்டும். தாத்தா பாட்டி இல்லாத பிள்ளைங்களும் நம்மகிட்ட இருக்காங்க, அவங்க மனசு நோகாம பார்த்துக்கணும். பக்கத்து வீட்டுல வந்திருக்குற ஒரு பாட்டி அந்தப் பிள்ளைக்கும் சேர்த்து சொல்லிக் குடுக்க முடியுமான்னு கேட்டுப் பாருங்க, மாட்டேன்னு எந்தப் பாட்டியும் சொன்னதில்ல. ஏற்பாடு பண்ண உதவி வேணும்னா எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க, நான் பார்த்து சேர்த்து விடுறேன்.

ரெண்டு வாரம் கழிச்சு சனிக்கிழமை வகுப்புக்கு பிள்ளைங்க செஞ்சதுல ஒண்ண எடுத்துட்டு வரட்டும், பெருசா இருந்தா போட்டோ போதும். தாத்தா பாட்டிங்களும் கண்டிப்பா வரணும், மாடிப்படி ஏற வேண்டாம்னு அன்னைக்கு மட்டும் மழலை வகுப்ப கீழ கஃபெட்டீரியா பக்கத்து ரூமுக்கு மாத்தியிருக்கோம், முதுகு சாயுற நாற்காலியா போட்டு வைக்குறோம். ஏக்கார்ன்ங்குற ஓக் மரத்துக் கொட்டை மட்டும் பள்ளிக்குக் கொண்டு வராதீங்க, நட் அலர்ஜி இருக்குற பிள்ளைங்க இருக்காங்க, சின்னவங்க வாயில வேற போட்டுப்பாங்க. நாம வாடகைக்கு எடுத்திருக்குற கட்டடம்ங்குறதால சுவத்துல டேப் ஒட்டக் கூடாது, ரெண்டு பக்கமும் கயிறு கட்டி வைக்குறேன், எல்லாத்தையும் அதுலயே மாட்டிடலாம். சோளத்தோல் இருந்தா ஈரத்துணியில சுத்தி எடுத்துட்டு வாங்க, அந்த தஞ்சாவூர் தாத்தா இந்த வருஷமும் வந்திருக்காரு, கிளம்புறதுக்கு முந்தின சனிக்கிழமைதான் அது, வர்றேன்னு சொல்லியிருக்காரு.

அன்புடன்,
உங்கள் தலைமையாசிரியர்